குறும்பு வகை

"லைட்டை அணைக்கிறீங்களா இல்லையா அண்ணி—"

"அணைச்சா அது—"

"ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறேன், அணைக்கிறீங்களா—"

"பதில் சொல்ல விட்டாத்தானே சொல்லுவேன்! அணைச்சா அதுங்க செத்துப்போகும்."

"எரிஞ்சா நான் செத்துப்போவேன்."

"நீ பேசிக்கிட்டுத்தானே இருக்கே. சாகப்போறவங்க இவ்வளவு பேசமாட்டாங்க. அதுவும் உனக்கே தெரியும்."

"ராத்திரி முழுக்கப் பதினெட்டுக் கட்டிலுக்கு நடுவுல ஓடிட்டு வந்திருக்கேன். படுக்கலாம்னு கதவைத் திறந்தா உள்ள சர்க்கஸ் நடக்குது!"

"காலையில ஏழரை மணிக்குத் தூங்குறது உன் வழக்கம். அதுக்குச் செடி என்ன பண்ணும்?"

"காலையில ஏழரைக்கும் லைட்டைப் போட்டு வைக்கிறது உங்க வழக்கம். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

கூடத்திலிருந்து ஓர் ஆண்குரல் மெல்ல எட்டிப் பார்த்தது. "யோசிச்சுப் பாத்தா, ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு வகையில—"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு அண்ணா" என்றாள் தங்கை.

பத்து வாரத்தில் அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். அவர் தலையைச் செய்தித்தாளுக்குள் விட்டுக்கொண்டார்.

இந்தச் சண்டை பள்ளிக்கூட மணி மாதிரி. ஏழரைக்கு அடிக்கும், ஏழே முக்காலுக்கு ஓயும். ஏழே முக்காலுக்கு அண்ணி வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். நாத்தனார் தூங்கியாக வேண்டும். மிச்சச் சண்டையை மறுநாளைக்கு ஆகட்டும் என்று மடித்து வைத்துவிட்டுப் போவார்கள்.

அண்ணிக்கு வீட்டிலும் தெருவிலும் டீச்சர் என்றே பெயர். இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். நாத்தனார் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவுப் பணி. வயது நாற்பத்திரண்டு. ஊசியோடு அவள் நடந்து வந்தால் மல்யுத்தக்காரன்கூட முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வான். அவளை அண்ணன் இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் 'நீ'. மறைவில் 'உங்க தங்கச்சி'.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை வெளியில் நின்று பேசியே அமைதிப்படுத்துவதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டில் எடுபடவில்லை. இங்கே நடுவில் மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

எல்லாம் எதிர்வீட்டுக்காரன் மாடி கட்டியதில் ஆரம்பித்தது. அதுவரை டீச்சரின் சமையலறை ஜன்னலில் காலை வெயில் ஒரு கை அகலத்துக்கு வந்து விழும். அதில் ஒரே ஒரு தொட்டி வைத்திருந்தாள். எதிரே மூன்றாவது மாடி எழும்பியபோது வெயில் விரல் அகலமாயிற்று. ஐந்தாவது மாடிக்குப் பிறகு அதுவும் இல்லை. தொட்டியும் காய்ந்தது. டீச்சர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

"சூரியன் வரலைன்னா போகட்டும். நாமளே ஒண்ணு மாட்டிக்குவோம்."

பின்னறைக்கு ஜன்னலே கிடையாது. சாமான் போட்டு வைத்திருந்த அறை. வீட்டுக்காரர் பழைய லிப்டில் கழற்றிய இரும்புச் சட்டங்களை வைத்து மூன்று தட்டு அலமாரி ஒன்று முறுக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு தட்டின் தலைக்கு மேலும் செடி வளர்க்கும் விளக்கு. சிவப்பும் நீலமும் கலந்து எரியும். போட்டால் அறை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். பன்னிரண்டு தொட்டிகளில் சாமந்தி நாற்று வந்து இறங்கியது. பதினொன்றுதான் அலமாரியில் பிடித்தது. பன்னிரண்டாவது கீழே தரையில் உட்கார்ந்தது.

பெரிய தொல்லை ஒன்றும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர் மட்டும் படியில் பார்த்து, "உங்க வீட்டுக் கதவிடுக்குல ஊதாவா வெளிச்சம் வருதே, ஏதாவது படப்பிடிப்பா?" என்று விசாரித்தார். "ஆமாங்க, சாமந்திதான் கதாநாயகி" என்று சொல்லிவிட்டு டீச்சர் மேலே ஏறிவிட்டாள்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி விடுதியில் தண்ணீர்க்குழாயெல்லாம் மாற்றுகிறார்கள், மூன்று மாசம் ஆகும் என்று பெட்டியோடு வந்து நின்றாள் நாத்தனார். வீட்டில் இருந்த ஒரே உபரி அறை அதுதான். பகலில் தூங்குகிறவளுக்கு ஜன்னல் இல்லாத அறையைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று அண்ணன்காரர் மகிழ்ந்துபோனார். கதவைத் திறந்து காட்டினார். தங்கை அந்த வெளிச்சத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, எங்க வார்டுல இந்த நிறத்துல ஒருத்தர் வந்தா உடனே ஆக்ஸிஜன் வைப்போம்."

முதல் நாளே அவள் தரையில் இருந்த தொட்டியில் இடித்துக்கொண்டாள். கால் சுண்டுவிரல் வீங்கிவிட்டது.

"இதை எடுத்து வேற எங்கயாவது வைங்க அண்ணி."

"எங்க வைக்க? என் தலையிலயா? அது வேற குள்ளமா இருக்கு, தேறாது. நான் அதோட பேரையே அடிச்சிட்டேன். வேணும்னா நீயே வச்சுக்கோ."

"சரி. வச்சுக்கிறேன்."

அதோடு டீச்சர் அந்தத் தொட்டியை மறந்துபோனாள். அது கட்டிலின் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நகர்ந்து, கீழ்த்தட்டு விளக்கின் சாய்ந்த வெளிச்சத்தில், யார் கண்ணிலும் படாமல் எப்படியோ பிழைத்துக் கிடந்தது.

மற்ற பதினொன்றையும் பற்றிச் சொல்ல வேண்டும். அவை வளர்ந்தன. தளதளவென்று வளர்ந்தன. இலை என்றால் அப்படி இலை. தண்டு விரல் கனம். மேல்தட்டில் இருந்தது விளக்கையே போய் முட்டியது. ஆனால் ஒன்றிலாவது மொட்டு என்று கடுகளவு தலை நீட்ட வேண்டுமே! மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுக் கேள்வி கேட்டால் வாயே திறக்காத பிள்ளை மாதிரி நின்றன.

இதற்குக் காரணம் டீச்சருக்குத் தெரியும். நாற்றுப் பண்ணைக்காரர் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மரக்குச்சி செருகி, அதில் நீல மையில் எழுதிக் கொடுத்திருந்தார். டீச்சர் முதல் நாள் இலைகளைக் குளிப்பாட்டுகிறேன் என்று தண்ணீர் தெளித்ததில் குச்சிகளும் குளித்துவிட்டன. பன்னிரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே கதி. தொடக்கத்தில் 'குறும்ப' என்று நிற்கும். பிறகு ஓர் அங்குலம் நீலக் கறை. கடைசியில் 'வகை'.

"குறும்பு வகை" என்று படித்துவிட்டாள் டீச்சர்.

"அப்படி ஒரு வகை இருக்கா என்ன?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இல்லாம எழுதுவாரா? எல்லா வகுப்புலயும் இருக்குங்க. புத்தி இல்லாம இல்ல, நல்லாவே இருக்கும். வேணும்னே செய்யாது. அதுங்களை எப்படி வழிக்குக் கொண்டுவரணும்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"கூடுதல் நேரம் உக்கார வைக்கணும்."

முதலில் பதினாறு மணி நேரம் விளக்கு எரிந்தது. மொட்டு வரவில்லை. பதினெட்டு ஆக்கினாள். வரவில்லை. பிறகு இருபதுக்கும் மேலே போயிற்று. அதற்கு மேல் கூட்ட வழியில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மின்னடுப்பைப் போட வேண்டும், பிறகு வெந்நீர், பிறகு இஸ்திரி. அவற்றோடு சேர்த்து இந்த விளக்கும் எரிந்தால் பியூஸ் போய் வீடே இருண்டுவிடும். அதனால் ஆறிலிருந்து ஒன்பதரை வரை அறைக்கு ஓய்வு. ஒன்பதரைக்குப் போட்டால் மறுநாள் சாயங்காலம் ஆறு வரை சிறப்பு வகுப்பு.

ஒரு மாசத்துக்கு முன்னால், சண்டை முற்றிய ஒரு காலையில் வீட்டுக்காரர் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார். லிப்டுக்குள் ஒட்டும் எச்சரிக்கை அட்டையின் பின்புறத்தில், தன் கையால் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். பள்ளிக்கூடத்தில் பருவம் முடிகிற வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கெடு. அதற்குள் இந்த அறையில் ஒரு பூ பூத்தால் அறை செடிகளுக்கு. தங்கை கூடத்துச் சோபாவுக்குப் போக வேண்டும். பூக்காவிட்டால் அறை தங்கைக்கு. விளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

"சோபான்னா, நீ டிவி பாக்கிற அந்தச் சோபாதானே அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"ஆமா பாப்பா."

"பகல்ல யாரும் இருக்கமாட்டாங்களே?"

"ஜன்னல் இருக்கு. எதிர்த்தாப்புல இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கான். கல்லு வெட்டுற மிஷின் காலையில எட்டு மணிக்கு ஆரம்பிக்கும்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். டீச்சர் யோசிக்கவே இல்லை. ஆசிரியர் அறையில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள், பருவம் முடியும்போது எல்லாருக்கும் ஒவ்வொரு பூ என்று. ஓவிய ஆசிரியர் அப்போதே, "வேணும்னா நான் வரைஞ்சு தரட்டுமா டீச்சர், அதுவாவது வாடாது" என்று சொல்லியிருந்தார். அந்த ஆள் முகத்தில் பூத்தொட்டியை நீட்டும் காட்சியைத்தான் அவள் தினமும் பல் தேய்க்கும்போது பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சொன்ன சண்டை நடந்தது திங்கட்கிழமை என்றால், கெடு அந்த வாரக் கடைசியிலேயே வந்து நின்றது.

புதன்கிழமை நாலரை மணிக்கு டீச்சர் வீடு திரும்பினாள். கை கால் கழுவினாள். நாத்தனார் எழுந்திருக்க இன்னும் அரை மணி நேரம். தரை துடைக்கலாம் என்று போனால் தகர வாளியைக் காணோம். இந்த வாளி பகலில் காணாமல் போவதும் சாயங்காலம் குளியலறையில் வந்து உட்கார்ந்திருப்பதும் கொஞ்ச நாளாகவே நடக்கிறது. வீட்டுக்காரர்தான் எதற்கோ எடுக்கிறார் என்று அவர் தலையிலேயே போட்டு வைத்திருந்தாள். வாளி இல்லாமல் தரை துடைக்க முடியாது. தரை துடைக்காமல் சும்மா உட்காரவும் முடியவில்லை. கால் தானாகவே பின்னறைப் பக்கம் போயிற்று. காலையிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. இதற்குள் ஒரு மொட்டாவது மனம் திருந்தியிருக்கலாம். பிடியை மெல்லத் திருகினாள். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

"கதவு!"

குரல் துண்டுக்கு அடியிலிருந்து வந்தது. நாத்தனார் கண்ணுக்கு மேல் மூன்றாக மடித்த துண்டைக் கட்டிக்கொண்டு, மல்லாந்து, கையை மார்பில் கட்டிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஏதோ ஒரு முக்காலி. அதன் மேல் அலாரம், தண்ணீர் டம்ளர், கண்ணாடி.

"இல்ல, நான் சும்மா—"

"கதவு!"

"எட்டித்தான் பாக்கிறேன், உன்னை ஒண்ணும்—"

"அண்ணி. பார்வையாளர் நேரம் அஞ்சு மணிக்கு. அதுக்கு முன்னாடி வர்ற சொந்தக்காரங்களை நான் எப்படித் துரத்துவேன்னு எங்க ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க."

டீச்சர் கதவைச் சாத்தினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளை யாரும் வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பியதில்லை.

"உங்க தங்கச்சி என்னை என் வீட்டு ரூமுக்குள்ள விடமாட்டேங்குது" என்றாள் அன்று சாயங்காலம்.

"நீயும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்தா எப்படி?" என்றார் வீட்டுக்காரர்.

"யாரு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்தா?"

"பாப்பா வர்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நான் எண்ணினேன். முப்பத்தேழு தடவை. நம்ம கட்டடத்து லிப்டே அவ்வளவு திறக்காது."

வெள்ளிக்கிழமையும் போயிற்று. பருவத்தின் கடைசி நாள். டீச்சர் வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போய், வெறுங்கையோடு திரும்பினாள். ஓவிய ஆசிரியர் சொன்னதைச் செய்துவிட்டார். அவள் மேசை மேல் ஒரு தாள் இருந்தது. மஞ்சள் சாமந்தி. நன்றாகவே வரைந்திருந்தார், பாவி.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அலாரம் அடித்து ஓய்ந்ததும் மூன்று பேரும் பின்னறையில் கூடினார்கள். அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் மூன்று பேர் நிற்க இடம் போதாது. நர்ஸ் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள், துண்டு இன்னும் நெற்றியில். வீட்டுக்காரர் வேலைக்குக் கொண்டுபோகும் டார்ச்சோடு வந்திருந்தார்.

"மேல்தட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு." டார்ச் இலைக்கு இலை போயிற்று. "மொட்டு இல்ல. நடுத்தட்டு, நாலு. இல்ல. கீழ்த்தட்டு நாலு."

"அந்த ஓரத்துல நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"இலைக்கு அடியில பாருங்க. வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கும்."

"இலைக்கு அடியில பூப்பூக்கிறது சாமந்தி இல்ல டீச்சர்." வீட்டுக்காரர் நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். "பதினொண்ணு முடிஞ்சுது."

டீச்சர் பதினொன்றையும் மறுபடி ஒருமுறை தானே பார்த்தாள். ஒரு பூ. இத்தனை வெளிச்சம் கொடுத்து, இத்தனை தடவை கெஞ்சி, அதட்டி, ஒரு பூ. அவள் அலமாரியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "சரி. நாளைக்கே கழட்டிடுங்க" என்றாள். சொல்லும்போதே குரல் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"பன்னெண்டாவது இருக்கே" என்றாள் நர்ஸ்.

"எது?"

"பேரை அடிச்சீங்களே, அது."

அவள் குனிந்து தலைமாட்டு முக்காலியின் மேலிருந்து அலாரத்தை எடுத்தாள். டம்ளரை எடுத்தாள். கண்ணாடியை மூக்கில் மாட்டினாள். பிறகு முக்காலியையே தூக்கினாள். அது முக்காலி இல்லை. கவிழ்த்து வைத்த தகர வாளி.

"என் வாளி!" என்றாள் டீச்சர். அப்புறம்தான் வாளிக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள்.

குள்ளமான, இலை குறைந்த, கேட்பாரற்ற அந்தச் செடியின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ விரிந்திருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு மொட்டு.

"செங்கல் நிறமா இருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"இந்த வெளிச்சத்துல எது எந்த நிறமா தெரிஞ்சுது?" என்றாள் தங்கை. "அணைச்சிட்டுப் பாருங்க."

பத்து வாரத்தில் முதல்தடவையாக டீச்சர் தன் கையாலேயே, யாரும் சண்டை போடாமல், பகல் நேரத்தில் அந்தச் சுவிட்சை அணைத்தாள். கூடத்திலிருந்து சாதாரண வெளிச்சம் கதவு வழியே வந்து விழுந்தது. பூ மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பண்ணினே நீ இதை?"

"ஒண்ணும் பண்ணலை. அலாரம் வைக்க ஒரு ஸ்டூல் இல்ல. வாளி இருந்துது. கவுத்தேன். செடி நடுவுல இருந்துது, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். டம்ளர்ல மிச்சம் இருக்கிற தண்ணியை ஊத்துவேன். அவ்வளவுதான்."

"தினமுமா?"

"தினமும். லீவு நாள்லயும் பகல்லதானே தூங்குறேன். ஏழரைக்குக் கவுப்பேன். டியூட்டிக்குப் போற நேரம், ஆறு மணிக்கு எடுத்துக் குளியலறையில வச்சிடுவேன்."

"மொட்டு வந்தது எப்பவோ தெரிஞ்சிருக்கணுமே உனக்கு?"

"மூணு வாரமாத் தெரியும்."

"ஒரு கிள்ளு கிள்ளியிருந்தா ரூம் உன்னுது."

"நான் நர்ஸ் அண்ணி" என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே. பிறகு எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். "சரி, எழுதினது எழுதினதுதான். 'இந்த ரூம்ல ஒரு பூ'ன்னுதான் எழுதியிருக்கு, எந்தத் தொட்டின்னு எழுதலை. நான் சோபாவுக்குப் போறேன்."

ஜெயித்தவள் டீச்சர்தான். ஜெயித்த உடனே யாருக்காவது சொல்லியாக வேண்டுமே. ஓவிய ஆசிரியரின் எண் தெரியாது. நாற்றுப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டாள். போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"நான்தாங்க, சாமந்தி வாங்கினேனே, டீச்சர். உங்க குறும்பு வகை பூத்திடுச்சு!"

"என்ன வகைம்மா?"

"குறும்பு வகை. நீங்கதானே குச்சியில எழுதியிருந்தீங்க. பயங்கரக் குறும்புங்க. பன்னெண்டுல ஒண்ணுதான் வழிக்கு வந்திருக்கு. நானும் இருபது மணி நேரம் லைட்டு போட்டு—"

"எத்தனை மணி நேரம்?"

"இருபதரை."

"அம்மா" என்றார் பண்ணைக்காரர், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "அது குறும்பு இல்ல. குறும்பகல். குறும், பகல். பகல் குறைவா இருந்து ராத்திரி நீளமா இருந்தாத்தான் பூக்கும். குறும்பகல் வகைன்னு கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தேனே!"

"தண்ணியில அழிஞ்சுபோச்சுங்க."

"செடிக்குத் தண்ணி ஊத்துங்கன்னு சொன்னேன். குச்சிக்கு ஊத்துங்கன்னா சொன்னேன்?"

வீட்டுக்காரர் டார்ச்சை ஆராய ஆரம்பித்தார். நர்ஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்; தோள் மட்டும் குலுங்கியது. டீச்சர் குச்சியைப் பிடுங்கிப் பார்த்தாள். குறும்ப, கறை, வகை. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று எழுதியவள் அவள். எத்தனை பிள்ளைகளுக்கு அதில் மதிப்பெண் குறைத்திருப்பாள்! கடைசியில் ஒரே ஒரு கோடிட்ட இடம் வாழ்க்கையில் வந்தது. அதைத் தப்பாக நிரப்பியிருக்கிறாள்.

"இருட்டு எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டாள், குரலைச் சரிசெய்துகொண்டு.

"பதினாலு மணி நேரம். ஒரே மூச்சா இருக்கணும். இன்னொரு விஷயம், நடுவுல கலைக்கக்கூடாது. சும்மா எட்டிப் பாக்கிறேன்னு கதவைத் திறந்து ஒரு நிமிஷம் லைட்டைப் போட்டாலும் போச்சு. விடிஞ்சிடுச்சுன்னு செடி நெனச்சுக்கும். அப்புறம் மொட்டு வராது."

"ஒரு நிமிஷம்கூடவா?"

"உங்களைத் தூக்கத்துல ஒருத்தர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பினா உங்களுக்கு என்னம்மா விளங்கும்?"

"அதைத்தான் நானும் பத்து வாரமாக் கேக்கிறேன்" என்றது பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஏழரைக்குப் பாப்பா வாளியைக் கவுக்குது. ஆறு மணிக்கு எடுக்குது. பத்தரை மணி நேரம். ஆறுக்கு நீ பியூஸுக்குப் பயந்து லைட்டை அணைக்கிறே. ஒன்பதரைக்குப் போடுறே. மூணரை. பத்தரையும் மூணரையும்..." கடைசி விரலை மடக்கினார். "அடேயப்பா! சரியாப் பதினாலு! நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வளர்த்திருக்கீங்க இதை!"

அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பூவைப் பார்த்தார்கள்.

"இனிமே என்ன, சுலபமாப் போச்சு" என்றார் அவர் உற்சாகமாக. "காலையில ஏழரைக்குச் சுவிட்சை அணைச்சா போதும். பதினொண்ணும் பூக்கும். பாப்பா அங்க சோபாவுல. செடி இங்க. ஒப்பந்தப்படி."

"சுவிட்சை அணைச்சிடுவேன்" என்றாள் டீச்சர். "அணைச்சிட்டு?"

"அணைச்சிட்டு என்ன? சும்மா இருக்கணும்."

"நாளையிலேருந்து எனக்கு ஒரு மாசம் லீவு. நாள் முழுக்க வீட்டுல இருப்பேன்."

"இரு."

"இருந்தா? மொட்டு வந்துடுச்சா வந்துடுச்சான்னு போய்த் திறப்பேன். லைட்டைப் போடுவேன். முப்பத்தேழு தடவை. நீங்களே எண்ணியிருக்கீங்க."

"நான் வேணும்னா ஒரு பூட்டு போட்டு—"

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

வீட்டுக்காரர் பூட்டுப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அவரிடம் இருக்கும் சாவி டீச்சரிடம் இருக்கும் சாவிதான் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம்.

டீச்சர் யோசித்தாள். அவள் கையைத் தட்டிவிடுகிற ஆள் வேண்டும். கெஞ்சினாலும் மசியாத ஆள். ஒரு விரல் அகலம் திறந்தாலே தூக்கத்திலிருந்து கத்துகிற ஆள். மூன்று வாரம் மொட்டைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அதைக் கிள்ளாமல் தூங்கி எழுந்த ஆள். அப்படி ஒருத்தி இந்த உலகத்தில் இருந்தால், அவள் இப்போது முழங்காலில் உட்கார்ந்து பெட்டிக்குள் தலையணையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் எழுந்தாள். பெட்டியிலிருந்து தலையணையை எடுத்தாள். தட்டினாள். கட்டிலில் பழைய இடத்திலேயே போட்டாள். விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். வாளியை எடுத்துக் கவிழ்க்கப் போனவள், பூவைப் பார்த்துவிட்டு, அதைக் கட்டில் ஓரமாக வைத்து அதன் மேல் அலாரத்தை ஏற்றினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?" என்றாள் நர்ஸ்.

"சோபாவெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கல்லு வெட்டுற மிஷின் சத்தத்துல மனுஷங்க தூங்க முடியாது."

"அப்ப லைட்டு?"

"அணைச்சிடுறேன். நீ வந்து படுத்தா அணைச்சிடுறேன். நீ எந்திரிச்சாத்தான் போடுவேன். போதுமா?"

நர்ஸ் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அட்டையின் பின்புறத்தில் ஒப்பந்தத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார், இதற்கு அதில் இடம் இருக்கிறதா என்று.

"அந்த 'நீ எந்திரிச்சா'ங்கிறதுலதான் ஒரு சின்ன விஷயம்" என்றாள் டீச்சர். தொண்டையைச் சரிசெய்தாள். விடைத்தாள் திருத்திவிட்டுப் பிள்ளையை மேசைக்குக் கூப்பிட்டுப் பேசும் குரல் அவளுக்குத் தானாகவே வந்தது. "நீ ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குறே?"

"எட்டு. நல்லா தூங்கினா ஒன்பது. ஏன்?"

டீச்சர் பதினொரு செடியையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வந்து கட்டிலில் நாத்தனாருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பதுதானா? கொஞ்சம் கவனம் வச்சுப் பண்ணினா பத்தரை வராதா, பாப்பா?"